எட்டுப் பேரும் ஒரு நீள ட்ரெய்லரும்: பழைய இழுவை வண்டிகளில் எது தேறும்?

எட்டுப் பேர் உட்கார வேண்டும், பின்னால் முப்பது அடிக்கு மேல் நீளமான பங்க்ஹவுஸ் (அடுக்குப் படுக்கைகள் உள்ள வீட்டு) ட்ரெய்லரை இழுக்கவும் வேண்டும், புது வண்டிக்குக் கொட்டிக் கொடுக்கக் காசு இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அமெரிக்காவின் பழைய வண்டிச் சந்தையில் தேறுகிற பெயர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். நான் ஓட்டிப் பார்த்தவை, அடியில் படுத்துப் பார்த்தவை, காகிதத்திலேயே தள்ளிவிட்டவை எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். கடைசியில் வாங்கியது 2011 செவர்லே சபர்பன் 2500. இது எல்லாருக்குமான வண்டி இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் குடும்பம் என்றால் நல்ல முக்கால் டன் (சாதாரண அரை டன்னைவிடக் கனமான சுமை தாங்குகிற வகை) பிக்கப் ஒன்றைப் பிடித்துவிட்டு நிம்மதியாக இருங்கள், இதை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். பிக்கப்பில் முன்னால் பெஞ்ச் சீட் இருந்தாலும் ஆறு பேருக்கு மேல் போக வழியில்லை. ஏழாவது ஆள் வந்த நிமிஷமே பிக்கப் என்ற பேச்சு முடிந்தது. சிலர் ஆறு பேரைப் பிக்கப்பிலும் மிச்சப் பேரைப் பின்னால் ஒரு சின்னக் காரிலும் கூட்டிப் போகிறார்கள். பெட்ரோல் செலவு கூடும், நாள் முழுக்க இரண்டு பேர் ஓட்ட வேண்டும், ஆனாலும் கெட்ட யோசனை இல்லை. எங்கள் வீட்டில் பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாரும் ஒரே வண்டியில்தான் என்று சொல்லிவிட்டார்.

ட்ரெய்லர் விற்கிற இடத்தில் உங்கள் வண்டி என்ன என்று கேட்பார்கள், சொன்னதும் ஒரு புத்தகத்தைப் புரட்டி "ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும் சார், தாராளமாக எடுத்துப் போங்கள்" என்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது பொய் என்று சொல்லவில்லை. இழுவைத் திறனை அளக்க வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு ஜே2807 என்று ஒரு பொது விதி வைத்திருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் ஏற்றத்தில், கொளுத்துகிற வெயிலில் ஏசியை முழுசாக ஓடவிட்டு, பதினோரு மைலுக்கு மேல் ஏற வேண்டும் என்றெல்லாம் கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு வைப்பது ஓட்டுநர், பக்கத்தில் ஒருவர், ஆளுக்கு 150 பவுண்டு. அவ்வளவுதான். இன்னும் ஆறு பேரை அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை. 2011-ல் டொயோட்டா முதலில் இந்த விதிக்கு வந்தது, மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அதற்கு முந்திய வண்டிகளில் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குச் சோதித்துப் போட்ட எண்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கர். அதில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். மாடலுக்குப் பொதுவான எண் இல்லை, உங்கள் எதிரில் நிற்கிற அந்த வண்டிக்கே உரிய எண். சன்ரூஃப், மின்சாரப் படிக்கட்டு, தோல் சீட் என்று என்னவெல்லாம் ஏற்றினார்களோ அதெல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது. ஒரே வருஷம், ஒரே பெயர், இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால்கூட இருநூறு பவுண்டு வித்தியாசம் வரலாம். அலங்காரம் கூடக் கூட பேலோட் குறையும், அதனால் இழுக்க வாங்குகிறவர்கள் விலை குறைந்த டிரிமைத்தான் (அதே மாடலின் எளிய வகையைத்தான்) தேட வேண்டும். விற்பவரிடம் ஃபோனில் பேசும்போதே அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிறவர் வீட்டுக்குப் போய்ப் பெட்ரோலை வீணாக்க வேண்டியதில்லை.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. ட்ரெய்லர் காலியாக ஆறாயிரத்துச் சொச்சம், ஆனால் அந்தக் காலி எடையில் பேட்டரி கிடையாது, கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்காது, தண்ணீர் கிடையாது. தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு, நாற்பது கேலன் என்றாலே முந்நூறைத் தாண்டிவிடும். அரிசி, பாத்திரம், போர்வை, சைக்கிள் எல்லாம் ஏறினால் எட்டாயிரம் வந்துவிடும். ட்ரெய்லர் ஆடாமல் நேராக வர வேண்டுமானால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அதன் மூக்கு, அதாவது டங், வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும். நடுவாக 12.5 என்று வைத்தால் ஆயிரம் பவுண்டு. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் நாலு பேர், சேர்த்து 960. அந்த அழுத்தத்தை முன் சக்கரங்களுக்கும் பரப்பும் ஹிட்ச் கட்டமைப்பே ஒரு நூறு. வண்டிக்குள் பைகள், ஐஸ் பெட்டி, பிள்ளை சீட்டுகள் என்று 150. ஆக மொத்தம் 2,210 பவுண்டு. இழுக்க வேண்டிய எட்டாயிரத்தைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை, பல வண்டிகள் இழுத்துவிடும். முதுகில் சுமக்க வேண்டிய இந்த 2,210 தான் ஒவ்வொரு வண்டியாகக் கழித்துக்கட்டியது.

முதலில் போனது ஃபோர்டு எக்ஸ்பெடிஷன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஏனென்றால் உள்ளே உட்கார இதைப்போல வசதியான வண்டி இந்தக் கூட்டத்தில் கிடையாது. பின் சஸ்பென்ஷன் தனித்தனியாக இயங்குவதால் தரை தாழ்வாக இருக்கும், மூன்றாம் வரிசையில் வளர்ந்த ஆள்கூட முழங்காலைத் தாடையில் முட்டாமல் உட்காரலாம். 2018-க்குப் பிந்திய வண்டியில் ட்ரெய்லர் பேக்கேஜோடு 9,300 பவுண்டு வரை இழுக்கும் என்று போட்டிருக்கிறார்கள், நீளமான மேக்ஸ் என்றால் 9,000. ஆனால் நான் பார்த்த கதவு ஸ்டிக்கர்கள் எல்லாம் 1,500-க்கும் 1,700-க்கும் நடுவில்தான் நின்றன. ஆயிரம் ஹிட்சுக்குப் போனால் மிச்சம் ஐந்நூறிலிருந்து எழுநூறு. அதில் எட்டுப் பேரை எப்படி ஏற்றுவது? ஐந்தாயிரம் பவுண்டு ட்ரெய்லர் என்றால் இதுதான் என் தேர்வு, யோசிக்கவே மாட்டேன். பழையதில் 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜின் வந்த வருஷங்களைத் தவிர்த்துவிடுங்கள். கேம் ஃபேசர் (வால்வு திறக்கிற நேரத்தை மாற்றும் பாகம்) தொல்லை ஒரு பக்கம், 2008 வரைக்குமான பலவற்றில் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றப் போனால் பாதி உள்ளேயே முறிந்து நின்றுவிடுகிற தொல்லை இன்னொரு பக்கம். 2015-ல் 3.5 எக்கோபூஸ்ட் வந்த பிறகு இழுவை நன்றாக மாறியது, டர்போ இருப்பதால் மலையில் மூச்சு வாங்குவதும் குறைவு. அதிலும் 2018-க்குப் பிந்தியதைக் காலையில் ஆறிய இன்ஜினோடு கிளப்பிக் கேளுங்கள், ஒன்றிரண்டு நொடி கரகரவென்று சத்தம் வந்தால் அங்கேயும் கேம் ஃபேசர்தான்.

டொயோட்டா செக்கோயா, நிசான் அர்மாடா இரண்டும் நல்ல இன்ஜின், பேலோட் இன்னும் குறைவு. தாண்டிப் போங்கள்.

ஃபோர்டு எக்ஸ்கர்ஷனுக்கு ஒரு பக்தர் கூட்டமே இருக்கிறது. 2000 முதல் 2005 வரைதான் வந்தது, சூப்பர் டியூட்டி பிக்கப்பின் அடிச்சட்டத்தில் கட்டிய வண்டி, 44 கேலன் டாங்க், 137 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலான தூரம்), பார்த்தாலே எதையும் இழுக்கும் என்ற நம்பிக்கை வரும். இழுக்கத்தான் செய்யும். 7.3 லிட்டர் டீசல் கிடைத்தால் விடாதே என்பார்கள். 6.0 லிட்டர் டீசல் என்றால் புகைச்சூட்டைத் தணிக்கும் ஈஜிஆர் கூலர், ஹெட் கேஸ்கெட் என்று முந்தைய ஆள் சரிசெய்த ரசீதுகள் கையில் இருந்தால் ஒழியத் தொடாதீர்கள். வி10 பெட்ரோல் இன்ஜின் நடுவாந்தரம், பழைய வருஷங்களில் ஸ்பார்க் ப்ளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே தெறித்த கதைகள் உண்டு. ஆனால் என்னைத் தடுத்தது இன்ஜின் இல்லை. வண்டியே அவ்வளவு கனம் என்பதால், நாலு சக்கர டிரைவும் டீசலும் சேர்ந்தால், அனுமதித்த மொத்த எடையில் சொந்த எடையைக் கழித்துப் பார்க்கையில் அரை டன் வண்டி சுமக்கிற அளவுதான் மிஞ்சுகிறது. இவ்வளவு பெரிய உருவத்துக்கு இது பெரிய ஏமாற்றம். இன்னொன்று, இந்த வயசு வண்டிகளில் கதவில் அந்தப் பேலோட் வரியே பெரும்பாலும் இருக்காது, மொத்த எடை வரம்பு மட்டும் இருக்கும். எடை மேடையில் ஏற்றிக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதை எக்ஸ்கர்ஷன் வைத்திருக்கிற நண்பரிடம் சொன்னேன், இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சரி, சபர்பன். இதில் 1500, 2500 என்று இரண்டு உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம். விளம்பரத்தில் சபர்பன் என்று மட்டும் போட்டு 1500-ஐ விற்கிறவர்கள் நிறைய. எளிதான வழி, படத்தில் சக்கரத்தைப் பெரிதாக்கி நட்டுகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் 1500, எட்டு இருந்தால் 2500. எட்டு நட்டு வண்டியில் பின்னால் காயில் ஸ்ப்ரிங் இல்லை, பட்டை பட்டையாக லீஃப் ஸ்ப்ரிங், கனமான ஆக்சில், மொத்த எடை வரம்பு 8,600 பவுண்டு. 1500-ல் வருகிற 5.3 இன்ஜின் 2007-க்குப் பிறகு பாதி சிலிண்டர்களை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டோடு வந்தது. அதற்காக வால்வுகளை இயக்குகிற லிஃப்டர்கள் போனால் செலவு பெரிது. 2500-ல் வருகிற 6.0 லிட்டரில் அந்தச் சமாசாரம் கிடையாது, எட்டும் எப்போதும் ஓடும். பெட்ரோலைக் குடிக்கும், ஆனால் நடுவழியில் விட்டுப் போகாது. எங்கள் 2011 வண்டியில் 352 குதிரைத்திறன், ஆறு கியர் பெட்டி. பொதுமக்களுக்கு 2500 விற்றது 2013 மாடலோடு நின்றுவிட்டது. அதனால் கிடைக்கிற எல்லாமே வயசானவை, ஓடித் தேய்ந்தவை, அதில் நல்லதைப் பொறுக்க வேண்டும். எங்களுடையது பின்சக்கர டிரைவ், கதவு ஸ்டிக்கர் 2,300-க்குக் கொஞ்சம் மேல். 2,210-க்கு அது போதும், அவ்வளவுதான், பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வரிசை கொடுமை. பின் ஆக்சில் ஒரே தண்டாக இருப்பதால் தரை மேடாகிவிட்டது, சீட் தாழ்வு, பத்து வயசுக்கு மேல் உள்ள பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்த சீட் மடங்கித் தரைக்குள் போகாது, கழற்றித் தூக்கி வெளியே வைக்க வேண்டும், நல்ல கனம். இதனாலேயே பல பேர் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். நான் பார்க்கப் போன ஒரு வண்டியில் சீட் எங்கே என்று கேட்டதற்கு "தம்பி வீட்டில் இருக்கும், தேடித் தருகிறேன்" என்றார் விற்பவர். திரும்பி வந்துவிட்டேன், ஏனென்றால் அதே நிறத்தில், பெல்ட் கொக்கி எல்லாம் சரியாக இருக்கிற சீட்டைத் தனியாகத் தேடி வாங்குவது வண்டி வாங்குவதை விடக் கஷ்டம். எட்டாவது ஆளுக்கு இரண்டாம் வரிசை பெஞ்சாக இருக்க வேண்டும். இரண்டு தனி நாற்காலி வைத்த வண்டி பார்க்க அழகு, ஒரு ஆள் குறைந்துவிடுவார். பிள்ளை சீட்டுகளை வீட்டிலிருந்தே எடுத்துப் போய், விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை என்று, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். மேல் பட்டையை மாட்டுகிற வளையம் எந்த சீட்டின் பின்னால் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இந்த 6.0 இன்ஜினில் பார்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஆறிய இன்ஜினைக் கிளப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரலாம். வண்டி சூடாகச் சூடாகச் சத்தம் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் முறிந்திருக்கும், கடைசி போல்ட்தான் முதலில் போகும், டார்ச் அடித்தால் தலை இல்லாத ஓட்டை தெரியும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். சூடான பிறகும் சத்தம் அடங்கவில்லை என்றால் உள்ளே வேறு ஏதோ, கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் பானட்டில் கையை வைத்த உடனே தெரிந்துவிடும், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கையுறைப் பெட்டிக்குள் மூன்றெழுத்துக் குறிகள் நிறைந்த ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஜி-டி-5 என்றிருந்தால் ஆக்சில் விகிதம் 4.10, ஜி-டி-4 என்றால் 3.73. இழுக்க 4.10 நல்லது, 3.73-உம் ஓடும். இசட்-82 ட்ரெய்லர் பேக்கேஜ், ஜே-எல்-1 கம்பெனியே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர், ஜி-80 லாக் ஆகிற டிஃபரன்ஷியல். விற்பவருக்கே தெரியாத விவரமெல்லாம் இதில் இருக்கும். அப்புறம் பின்னால் குனிந்து, ஹிட்சைச் செருகுகிற சதுரக் குழாயான ரிசீவரைப் பாருங்கள். பூட்டு ஊசி செருகுகிற ஓட்டை வட்டமாக இருக்கிறதா, இழுபட்டு முட்டை வடிவாகிவிட்டதா? வெல்டிங் ஓரம் பெயின்ட் வெடித்திருக்கிறதா? ரிசீவரிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் இரண்டு வரிசை எண்கள். வெறும் ஹிட்ச் பந்தில் சுமக்க ஒன்று, எடை பரப்பும் ஹிட்ச் போட்டால் இன்னொன்று, முதலாவது பெரும்பாலும் ரொம்பக் குறைவு. வண்டி தாங்கும், ஹிட்ச் தாங்காது என்ற நிலைமை சகஜம். ஏழு முனை பிளக்கைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் நாலு முனை பிளக்கும் கடையில் போட்ட ஹிட்சும் இருந்தால் ட்ரான்ஸ்மிஷன் கூலர் கம்பெனி போட்டிருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தால் கருகல் வாடை வரக் கூடாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற வடக்கு மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் அடியில் பிரேக் பைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள், துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அதை மாற்றாமல் ட்ரெய்லர் பக்கமே போகக் கூடாது. டயர் பக்கவாட்டில் டாட் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 1416 என்றால் 2016-ன் பதினான்காவது வாரம், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்ற வேண்டிய டயர். திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதை என்எச்டிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னைப் போட்டால் இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்றால் சபர்பனும் போதாது, வேன்தான். செவர்லே எக்ஸ்பிரஸ் 3500-ல் அதே 6.0 இன்ஜின், 9,600 பவுண்டு மொத்த வரம்பு, நீளமானதில் 155 அங்குல வீல்பேஸ். முதல் இருபது அடி ட்ரெய்லருக்கு 110 அங்குலம், அப்புறம் அடிக்கு நாலு அங்குலம் என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். அதன்படி சபர்பனின் 130 அங்குலத்துக்கு இருபத்தைந்து அடிதான் வரும், இந்த வேனுக்கு முப்பதைத் தாண்டும். விதி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, நானே மீறித்தான் ஓட்டுகிறேன், அதற்காகத்தான் ஆட்டத்தைத் தடுக்கிற நல்ல ஹிட்சில் காசு போட்டேன். பேலோட் மட்டும் பார்த்தால் வேன்தான் ஜெயிக்கும். சொகுசு சுத்தமாகக் கிடையாது, இன்ஜின் முன்சீட் ஆட்களின் காலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும், நாலு சக்கர டிரைவும் பெரும்பாலும் கிடையாது. பதினைந்து பேர் வேன் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பத்துப் பேருக்கு மேல் ஏறினால் கவிழும் ஆபத்து கூடுகிறது என்று என்எச்டிஎஸ்ஏ பல முறை எச்சரித்திருக்கிறது, டயர் காற்றும் டயர் வயசும் அதில் பெரிய காரணம். மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 2012 மாடலிலிருந்து எல்லா இலகுரக வண்டிக்கும் கட்டாயம், அதற்கு முந்தியது என்றால் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிசான் என்வி3500 பன்னிரண்டு பேர் வேன் 2012 முதல் 2021 வரை வந்தது, 5.6 வி8 போட்டது கிடைத்தால் நல்ல வண்டி. இன்ஜின் பிக்கப் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் வேலை பார்க்கவும் சுலபம். எங்கள் தெருவில் அது திரும்பாது, இல்லையென்றால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஓட்டம் எப்படி என்றால், சமவெளியில் சபர்பன் 2500 பின்னால் ட்ரெய்லர் இருப்பதையே காட்டிக்கொள்ளாது. மலை வந்தால் கத்தும். இந்த இன்ஜினுக்கு முறுக்குவிசை நாலாயிரம் சுற்றுக்கு மேலேதான், அதனால் இழுக்கும்போது கியர் மாறுகிற விதத்தை மாற்றும் டோ ஹால் பட்டனை அழுத்தியதும் இரண்டு கியர் கீழே இறங்கி ஊளையிட்டுக்கொண்டு நாற்பத்தைந்து மைலில் ஏறும். முதல் தடவை கேட்டால் பயமாக இருக்கும், அது அப்படித்தான், விட்டுவிடுங்கள். உயரம் ஆயிரம் அடி கூடினால் டர்போ இல்லாத இன்ஜின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், கொலராடோ பக்கம் எட்டாயிரம் அடியில் கால்வாசி காணாமல் போய்விடும். இறங்கும்போது அதே டோ ஹால் கியரைப் பிடித்து நிறுத்துவது அருமை, பிரேக்கில் அதிகம் கால் வைக்க வேண்டியதில்லை. மைலேஜ் இழுக்கும்போது கேலனுக்கு ஒன்பதை ஒட்டி. 39 கேலன் டாங்க் இருப்பதால் அடிக்கடி நிற்கத் தேவையில்லை, எங்கள் பிள்ளைகள்தான் நிறுத்தச் சொல்வார்கள்.

வாங்கியதும் முதல் வேலை, எல்லாச் சாமானும் எல்லா ஆட்களும் ஏறிய பிறகு லாரிகள் நிற்கிற இடத்தில் உள்ள கேட் ஸ்கேலுக்குப் போனோம். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் என்று மூன்று எண் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். ஒரு தடவை எடை பரப்பும் ஹிட்சின் பட்டைகளை இறுக்கி, ஒரு தடவை தளர்த்தி, ஒரு தடவை ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு எடை போட வேண்டும். இரண்டாவது தடவை தந்த ரசீதில் பின் ஆக்சில் கனத்து, முன் ஆக்சில் லேசாகியிருந்தது. பட்டையின் சங்கிலியை ஒரு கண்ணி கூடுதலாக இறுக்கி மறுபடி ஏற்றியதும் முன் ஆக்சிலுக்கு எடை திரும்பி வந்துவிட்டது. பின் ஆக்சில் வரம்புக்குள்தான், ஆனால் ஜெனரேட்டரை வண்டியின் பின்னாலிருந்து எடுத்து ட்ரெய்லரின் ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் இன்னும் வளர்வார்கள், அப்போது இந்த 2,300 போதாது, வேன் தேட வேண்டியிருக்கும். அதற்குள் வேன்களின் விலை இன்னும் இறங்கட்டும்.